ஒரு டிக், ஒரு சிடி, கொஞ்சம் தமிழ்



இன்று ஒரு மடிக்கணினியையோ கைப்பேசியையோ கடையில் வாங்கி, உறையைப் பிரித்து, மின்சாரம் கொடுத்து, ஏதாவது ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் தமிழ் தெரிகிறது. இதில் என்ன அதிசயம் என்று வெளிநாட்டில் வளரும் நம் பிள்ளைகள் கேட்பார்கள். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அது அதிசயம்தான். அன்று வீட்டிலும் அலுவலகத்திலும் இருந்த விண்டோஸுக்குத் தமிழ் தெரியும். ஆனால் தெரிந்ததைக் காட்டிக்கொள்ளாது. அமைப்புகளுக்குள் புகுந்து ஒரு கட்டத்தில் டிக் அடித்து, சிடியைப் போட்டு, கணினியை அணைத்து மறுபடி எழுப்பினால்தான் வாயைத் திறக்கும்.

அந்த ஒரு டிக்கின் வரலாறுதான் இந்தப் பதிவு. ஓர் இயங்குதளத்தில் எதைக் கூடவே கொடுப்பது, எதை "வேண்டுமென்றால் போட்டுக்கொள்" என்று விடுவது என்பதைக் கணினி நிபுணர்கள் காலங்காலமாக விவாதித்து வருகிறார்கள். நான் நிபுணன் இல்லை. கம்பம்மெட்டில் பிறந்து, உத்தமபாளையத்தில் பி.காம். படித்து, 2004-ல் மஸ்கட் வந்து வங்கியில் காலம் தள்ளுகிறவன். ஆனால் அந்த விவாதத்தின் முடிவு என் வீட்டுக் கடிதத்தைத் தொட்டது. உங்கள் வீட்டுக் கடிதத்தையும் தொட்டிருக்கும். அதனால் நமக்கும் பேச உரிமை உண்டு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். இயங்குதளத்தின் மையம் என்று சொல்லும்போது இரண்டு வேறு விஷயங்களைச் சொல்கிறார்கள். ஒன்று கர்னல் என்கிற கரு. வங்கியில் பெட்டக அறை மாதிரி. நினைவகம், வன்தட்டு, செயலி எல்லாவற்றையும் நேரடியாகக் கையாளும் பகுதி. அங்கே ஒரு பிழை வந்தால் முழுக் கணினியும் போச்சு. இன்னொன்று, நிறுவும்போதே கேட்காமல் கூட வருபவை. கிளைக்குள் நுழைந்ததும் எதிரே தெரியும் கவுன்ட்டர்கள் மாதிரி. பணம் கட்டுவது, எடுப்பது, பாஸ்புக் பதிவு. லாக்கர் வேண்டுமென்றால் தனியாக மனுப் போட வேண்டும்.

தமிழ் பெட்டக அறையில் இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டது ஒரு கவுன்ட்டர்.

*

தமிழுக்கு ஏன் தனி ஏற்பாடு வேண்டியிருந்தது? ஆங்கில எழுத்துகளை இடமிருந்து வலமாக ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிவிட்டால் வேலை முடிந்தது. தமிழ் அப்படி இல்லை. "கொ" என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் கணினி அதைச் சேமிக்கும்போது முதலில் ககரம், அப்புறம் ஒகரக் குறி. திரையில் காட்டும்போதோ, அந்தக் குறியை இரண்டாக உடைத்துக் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க வேண்டும். இதைச் செய்ய எழுத்துரு மட்டும் போதாது. சேர்த்துக் கோக்கிற ஒரு நிரலும் வேண்டும். விண்டோஸில் அதற்கு யூனிஸ்கிரைப் என்று பெயர்.

எழுத்துரு இல்லாவிட்டால் கட்டம் கட்டமாக வரும். எழுத்துரு இருந்து கோக்கிற நிரல் இல்லாவிட்டால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று எழுத்துகள் சிதறிக் கிடக்கும். அந்தக் காலத்து ஆட்கள் இரண்டையும் பார்த்திருப்பீர்கள்.

2000 பிப்ரவரியில் வந்த விண்டோஸ் 2000-ல்தான் மைக்ரோசாஃப்ட் முதன்முதலாக இந்திய மொழிகளுக்கு இந்த ஏற்பாட்டைத் தந்தது. இந்திக்கு "மங்கள்", தமிழுக்கு "லதா" என்று இரண்டு எழுத்துருக்கள். அதிலேயே இது விருப்பத் தேர்வுதான். மொழிக்குழுக்களின் நீண்ட பட்டியலில் இந்திய மொழிகளுக்கு ஒரு கட்டம் இருந்தது.

2001 அக்டோபரில் எக்ஸ்பி வந்தபோது பட்டியலைச் சுருக்கி இரண்டே கட்டங்கள் ஆக்கினார்கள். ஒன்று, கோத்து எழுதும் மொழிகளுக்கும் வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்கும். அரபி, ஹீப்ரு, தாய், வியட்நாமியம், இந்திய மொழிகள் எல்லாம் அதில் ஒரே மூட்டை. இன்னொன்று சீனம், ஜப்பான், கொரிய மொழிகளுக்கு. முதல் கட்டத்தில் டிக் அடித்தால், 10 எம்பியோ அதற்கு மேலோ வன்தட்டில் இடம் வேண்டும் என்று எச்சரிக்கும். இரண்டாவதற்கு 230 எம்பி.

ஒரு வணிகவியல் பட்டதாரியாக இந்தக் கணக்கை என்னால் விட முடியவில்லை. எக்ஸ்பி நிறுவக் குறைந்தபட்சம் 1.5 ஜிபி இடம் வேண்டும் என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருந்தது. அதில் 10 எம்பி என்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. சீன, ஜப்பான் மூட்டையைத் தள்ளி வைத்ததற்கு இடம் ஒரு நியாயமான காரணம். 230 எம்பி அன்றைக்குப் பெரிய தொகை. ஆனால் அரபி முதல் தமிழ் வரை அத்தனை மொழிகளுக்கும் சேர்த்து 10 எம்பி என்பது, பெரிய கணக்கில் சில்லறைப் பாக்கியைத் தள்ளுபடி செய்கிற அளவுதான்.

அந்தக் கட்டம் காலியாக வருவதே இயல்பு நிலை. டிக் அடிக்க நிர்வாகி உரிமை வேண்டும். பல கணினிகளில் அசல் சிடியும் வேண்டும். இதில் எது இல்லாவிட்டாலும் தமிழ் இல்லை.

*

இங்கே வளைகுடாவில் எங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் அடித்தது. அலுவலகக் கணினிகளில் அரபிக்காக அந்தக் கட்டம் முன்பே டிக் ஆகியிருந்தது. ஒரே மூட்டை என்பதால் அரபியோடு லதாவும் வந்துவிட்டாள் :-) நான் மஸ்கட் வந்த புதிதில், யாரிடமும் எதுவும் கேட்காமல் கணினியில் தமிழ் தெளிவாகத் தெரிந்தது. அதே சமயம் அமெரிக்காவில் கணினித் துறையிலேயே இருந்த நண்பர்கள், அலுவலகத்தில் நிர்வாகி உரிமை இல்லாமல் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தமிழ் தெரிவதற்கும் தெரியாததற்கும் அவர்களின் அறிவோ ஆர்வமோ காரணமில்லை. பக்கத்தில் அரபி இருந்ததா என்பதுதான் காரணம்.

கூட வருவது என்றால் என்ன, கேட்டு வாங்குவது என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. 2005-ல் ஒருநாள் கம்பத்தில் இருந்த சித்தப்பாவுக்கு யூனிகோடில் நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அரை மணி நேரத்துக்குக் காசு கொடுத்து ஒரு பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்திருக்கிறார். அன்று ராத்திரி போனில், "என்னத்தப்பா எழுதிருக்க? ஒரே கட்டம் கட்டமா இருக்கு. கடைக்காரப் பய வைரஸா இருக்கும்கிறான், அழிச்சுட்டேன்" என்றார்.

கவனித்தீர்களா? "இந்தக் கணினியில் தமிழ் போடவில்லை" என்று அவருக்குத் தோன்றவில்லை. தோன்ற வழியும் இல்லை. கடிதம் கெட்டுப்போயிருக்கிறது என்றுதான் நினைத்தார். எங்கேயோ ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் அது சரியாகும் என்பது, அது என்ன மொழி என்று அடையாளம் தெரிந்தவருக்குத்தான் தெரியும். கட்டத்தைப் பார்க்கிறவருக்கு அது தமிழா, சீனமா, குப்பையா என்றே தெரியாது.

*

சரி, எங்கள் ஊர் கதைக்கு வருவோம். தெரியாதவர்களுக்கு: கம்பத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் மலை ஏறினால் உச்சியில் வருவது கம்பம்மெட்டு. இரண்டு மாநிலத்துச் சோதனைச் சாவடிகள். அந்தப் பக்கம் இறங்கினால் நெடுங்கண்டம், கட்டப்பனை. காலையில் ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப் ஜீப்பாகக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஆட்கள் ஏறுவார்கள், சாயங்காலம் இறங்குவார்கள். 1956 நவம்பர் 1-ல் மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளத்தோடு நின்றன. 1972-ல் இடுக்கி மாவட்டம் உருவானது. கடைப் பலகைகளில் இரண்டு எழுத்தும் இருக்கும். எங்கள் வீட்டில் பேச்சு தமிழ், பால்காரரோடு மலையாளம்.

இந்த இரண்டு எழுத்தும் கணினிக்குள் வந்த ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

1991-ல் யூனிகோட் முதல் பதிப்பு வந்தபோது, இந்திய அரசின் இஸ்கி குறியேற்றத்தைப் பின்பற்றித் தமிழுக்கும் மலையாளத்துக்கும் ஒரே நேரத்தில் இடம் ஒதுக்கினார்கள். ஆளுக்கு 128 இடம். இதில் பாகுபாடு இல்லை. ஆனால் விண்டோஸில் தமிழ் வந்தது 2000-ல். தெலுங்கு, கன்னடம், குஜராத்தி, பஞ்சாபி எழுத்துகள் எக்ஸ்பியோடு 2001-ல். மலையாளமும் வங்காளமும் எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக்கில், 2004-ல். மலையாளத்துக்கு "கார்த்திகா" என்று எழுத்துரு.

ஆக ஒரு நாலு வருஷம், சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கத்து எழுத்து விண்டோஸுக்குத் தெரியும், அந்தப் பக்கத்து எழுத்து தெரியாது. பட்டியலில் இடம் கிடைத்த ஆண்டு ஒன்றுதான். வாசலுக்கு வந்து சேர்ந்த ஆண்டு வேறு வேறு. வங்கியில் கடன் அனுமதி ஆவதும் பணம் கைக்கு வருவதும் ஒன்றா என்ன?

*

கவுன்ட்டர் திறக்காதவரை ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்த பேராசிரியர் கல்யாணசுந்தரம் "மயிலை" எழுத்துருவைக் கொடுத்தார். மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறன் "முரசு அஞ்சல்" கொண்டுவந்தார். வெவ்வேறு நாட்டுத் தமிழர்கள் மடலாடிக் கூடி "திஸ்கி" என்ற குறியேற்றத்தை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்'99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு "டாம்", "டாப்" என்ற இரண்டு குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. இவை போதாதென்று ஒவ்வொரு பத்திரிகைக்கும் சொந்தமாக ஓர் எழுத்துரு. எழுத்துருவை இறக்கி நிறுவிக்கொண்டு வாசிக்கவும் என்ற அறிவிப்பு இல்லாத தமிழ்ப் பக்கமே அப்போது கிடையாது.

"தமிழா" குழுவின் இ-கலப்பை வந்து தட்டச்சைச் சுலபமாக்கியது. அதிராம்பட்டினத்துக்காரரான உமர்தம்பி உருவாக்கிய "தேனீ" இயங்கு எழுத்துரு, வாசகர் எதையும் நிறுவாமலே பக்கத்தோடு சேர்ந்து வந்து இறங்கியது. எங்கள் பக்கத்து மாவட்டம் தேனி என்பதால் அந்தப் பெயரைப் பார்த்து ஊர்க்காரர் என்று முதலில் நினைத்தேன். அவர் 2006-ல் காலமானார். எத்தனையோ பேரின் திரையில் இருந்த கட்டங்களை அவர் தமிழாக்கினார். அந்தக் காலத்தில் எழுதிய யாரும் அவரை மறக்க முடியாது.

இவை எல்லாம் தன்னார்வ உழைப்பு. வணங்குகிறேன். ஆனால் இந்த ஏற்பாடுகளுக்கு ஒரு விலை இருந்தது. யூனிகோடுக்கு முந்தைய குறியேற்றங்களில், எழுதிய எழுத்துருவும் வாசிக்கும் எழுத்துருவும் ஒரே வகையாக இருந்தால்தான் தமிழ். இல்லாவிட்டால் ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளுமாக ஒரு பூச்சிக் கூட்டம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், சங்க நூல்கள் முதல் பாரதி வரை மின்பதிப்பாக்கிய பெரும்பணி, முதலில் மயிலையில் தொடங்கி, திஸ்கிக்கு மாறி, பிறகு யூனிகோடுக்கு வந்தது. அவர்களிடம் ஆள் இருந்தது, மாற்றினார்கள். நம் வீட்டு மின்னஞ்சல்களை யார் மாற்றினார்கள்?

2007 ஜனவரியில் விஸ்டா பொதுமக்களிடம் வந்தபோது இந்திய மொழிகளுக்கான ஏற்பாடு கூடவே வந்தது. டிக் இல்லை, சிடி இல்லை. ஆப்பிள் மாக்கில் 2005-ன் "டைகர்" பதிப்போடு முத்து நெடுமாறனின் "இணைமதி" எழுத்துரு வந்திருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டோம்.

உடனே கைப்பேசி வந்தது. அதே படம் மறுபடி ரிலீஸ்! தொடக்க கால ஸ்மார்ட்போன்கள் பலவற்றில் தமிழ் கட்டமாகத்தான் வந்தது. அப்போது ஓபரா மினி உலாவியில் ஒரு வித்தை பரவியது. முகவரிப் பட்டையில் ஒரு சங்கேதச் சொல்லைத் தட்டினால் யாருக்கும் தெரியாத ஓர் அமைப்புப் பக்கம் திறக்கும். அதில் கோத்து எழுதும் மொழிகளைப் படமாகக் காட்டு என்ற வரியில் "ஆம்" என்று மாற்ற வேண்டும். தமிழ் எங்கோ ஒரு வழங்கியில் படமாக வரையப்பட்டு நம் கைக்கு வரும். அங்கேயும் இயல்பு நிலை "இல்லை"தான்.

*

எதைக் கூடவே கொடுப்பது என்பதற்கு எழுதி வைத்த விதி எங்காவது இருக்கிறதா என்று தேடியபோது டெபியன் கண்ணில் பட்டது. லினக்ஸ் குடும்பத்தில் பழைய பெரிய வீடு அது. அங்கே ஒவ்வொரு மென்பொருள் பொதிக்கும் ஒரு தரவரிசை உண்டு. கட்டாயம், முக்கியம், வழக்கமானது, விருப்பத்துக்குரியது என்று நான்கு படி. கட்டாயம் என்றால் அது இல்லாமல் அமைப்பே ஓடாது. முக்கியம் என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல் எனக்கு ரொம்பப் பிடித்தது. அனுபவமுள்ள ஒருவர் வந்து உட்கார்ந்து, ஒன்று இல்லாததைப் பார்த்து "இது எங்கேப்பா போச்சு?" என்று திடுக்கிட்டுக் கேட்பாரானால், அது முக்கியமானது.

நல்ல அளவுகோல். வங்கியிலும் இதுதான். வாடிக்கையாளர் வந்து "பாஸ்புக் இல்லையா?" என்று கேட்டால் அது நம் தவறு.

ஆனால் இதில் ஓர் ஓட்டை. இது கேட்கத் தெரிந்தவரின் அளவுகோல். என் சித்தப்பா கேட்கவில்லை, அழித்துவிட்டார். கேட்கத் தெரியாதவருக்கு எது முக்கியம் என்பதை இந்த விதி சொல்லாது. கேட்பு இல்லை, அதனால் தேவை இல்லை என்று கணக்கு எழுதிவிடுவார்கள்.

வங்கித் துறை இந்தப் பாடத்தைத் தாமதமாகத்தான் கற்றது. குறைந்தபட்ச இருப்பு கட்ட முடியாததால் ஏழைகள் வாசலுக்கே வரவில்லை. வராததால் அவர்களுக்குக் கணக்கு வேண்டாம் போலிருக்கிறது என்று வங்கிகள் இருந்தன. 2005 நவம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி, இருப்பே இல்லாமலோ மிகக் குறைந்த இருப்போடோ எளிய கணக்கு ஒன்றைத் தரும்படி வங்கிகளைக் கேட்டுக்கொண்டது. 2012 ஆகஸ்டில் அதையே அடிப்படைச் சேமிப்புக் கணக்கு என்று ஒழுங்குபடுத்தி, அதில் என்னென்ன கட்டணமில்லாமல் இருந்தே ஆக வேண்டும் என்று வரையறுத்தது. பணம் போடுவது, எடுப்பது, பிறர் அனுப்பும் பணம் வந்து சேர்வது, ஏடிஎம் அட்டை. மற்றவை வங்கியின் விருப்பம். என்னைப் பொறுத்தவரை இது ஓர் இயங்குதள வடிவமைப்புதான்.

அந்தப் பட்டியலில் "பிறர் அனுப்புவது வந்து சேர்வது" என்பதைப் பாருங்கள். விஷயமே அதில்தான் இருக்கிறது. எனக்காக மட்டும் நான் பயன்படுத்துவது விருப்பமாக இருக்கலாம். இன்னொருவர் எனக்கு அனுப்புவதைப் பெற்றுக்கொள்ள எது வேண்டுமோ அது விருப்பமாக இருக்கக் கூடாது. ஏனென்றால் அனுப்பியவரால் என் கணினியில் டிக் அடிக்க முடியாது. பெறுகிற எனக்கு டிக் அடிக்க வேண்டும் என்றே தெரியாது.

தமிழில் தட்டச்சு செய்யும் விசைப்பலகை விருப்பமாக இருக்கட்டும். எழுத நினைப்பவன் தேடிப் போவான், இ-கலப்பையைத் தேடிப் போன மாதிரி. தமிழை வாசிக்கும் வசதி கூடவே வர வேண்டும். எக்ஸ்பி இரண்டையும் ஒரே தட்டில் வைத்தது. அதுதான் சங்கடம்.

எங்கள் கேரளத்தில் ஒரு சட்டம் இதைப் பல வருஷம் முன்பே புரிந்துகொண்டது. 1969-ன் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம் என்று சொன்னதோடு நிற்கவில்லை. பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்றது. எழுதும் உரிமை மட்டும் கொடுத்துவிட்டுப் பதிலைப் புரியாத எழுத்தில் அனுப்பினால், அதுவும் ஒரு கட்டம் கட்டமான கடிதம்தானே? சட்டம் நடைமுறையில் எவ்வளவு ஓடுகிறது என்பது வேறு கதை. இடுக்கியில் மனு எழுதிய யாரிடமும் கேளுங்கள், ஒரு ராத்திரி போதாது.

*

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். வேண்டியதை எல்லாம் உள்ளே திணிப்பதும் ஆபத்து. 1996-ல் விண்டோஸ் என்டி 4.0-ல், வேகத்துக்காகப் படம் வரையும் பகுதியைக் கருவுக்குள் கொண்டுபோனார்கள். அதோடு எழுத்துருக்களைப் படிக்கும் வேலையும் கருவுக்குள் நடந்தது. கவுன்ட்டர் வேலையைப் பெட்டக அறைக்குள் வைத்த கதை. பதினைந்து வருஷம் கழித்து, 2011-ல் "டூக்கூ" என்ற உளவு நிரல் அந்தச் சந்தில் நுழைந்தது. ஒரு வேர்டு கோப்பு, அதற்குள் திட்டமிட்டுக் கெடுத்து வைத்த ஓர் எழுத்துரு. கோப்பைத் திறந்தால் கணினி முழுவதும் அடுத்தவன் கையில். விண்டோஸ் 10 காலத்தில்தான் எழுத்துருவைப் படிக்கும் வேலையைக் கருவிலிருந்து வெளியே எடுத்துத் தனி அறையில் பூட்டி வைத்தார்கள்.

அதே விண்டோஸ் 10-ல் இன்னொரு செய்தியும் உண்டு. லதாவை மறுபடி விருப்பப் பட்டியலுக்கு அனுப்பிவிட்டார்கள்! "விஜயா" என்ற இன்னொரு எழுத்துருவோடு சேர்த்துத் தமிழ்க் கூடுதல் எழுத்துருக்கள் என்ற தனிப் பொதியாகிவிட்டாள். படித்தபோது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. யோசித்தால் இது சரி. விண்டோஸ் 8-லிருந்து "நிர்மலா" என்ற ஒரே எழுத்துரு பல இந்திய எழுத்துகளையும் சுமந்து கூடவே வருகிறது. வாசிக்க ஒன்று உறுதி. அழகுக்கு இன்னும் வேண்டுமென்றால் கேட்டு வாங்கிக்கொள். 2001-ல் இருந்த விருப்பத்துக்கும் இந்த விருப்பத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். அன்று மறுக்கப்பட்டது வாசிப்பு. இன்று தள்ளிவைக்கப்பட்டது அலங்காரம்.

யார் முடிவு செய்கிறார்கள் என்பதும் மாறலாம் என்று கேரளப் பள்ளிகள் காட்டின. 2001-ல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் பிறகு கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. பள்ளிகளுக்கென்றே உபுண்டுவை அடிப்படையாக வைத்து ஓர் இயங்குதளத் தொகுப்பைத் தயாரிக்கிறார்கள். 2017-ல் திட்டம் "கைட்" என்ற அரசு நிறுவனமானது. எந்த மென்பொருள் கூடவே வரும், எது வராது என்பதை ரெட்மண்டில் இருப்பவர் முடிவு செய்வதில்லை. வகுப்பறைத் தேவையைப் பார்த்துத் திருவனந்தபுரத்தில் முடிவு செய்கிறார்கள். கேரளத்தில் பாடநூல்கள் மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் என்று நான்கு மொழிகளில் வருகின்றன. இடுக்கியில் தமிழ் வழியில் படிக்கும் ஒரு பிள்ளைக்கு ஏதாவது குறை என்றால், முறையிட ஓர் முகவரியாவது உள்ளூரில் இருக்கிறது. பெரிய விஷயம் அது.

*

கதை முடிந்துவிட்டதா? இல்லை. 2019-ல் யூனிகோட் 12-ல் தமிழுக்குக் கூடுதலாக 51 குறிகளுக்கு இடம் கிடைத்தது. முந்திரி, காணி, மா என்ற பழைய பின்னங்கள், நிலம், தானியம், பணம் என்று பழைய கணக்குகளில் வருகிற அடையாளங்கள். முந்திரி என்றால் 320-ல் ஒரு பங்கு. கணக்குப்பிள்ளை வம்சமான எங்களுக்கு இது சர்க்கரைப் பொங்கல். ஆனால் பட்டியலில் இடம் கிடைப்பதும் கருவியில் கூடவே வருவதும் வேறு என்று மேலே பார்த்தோம். உங்கள் கைப்பேசியில் அந்தக் குறிகள் தெரிகின்றனவா, கட்டங்கள் தெரிகின்றனவா என்று நீங்களே பாருங்கள்.

கடைசியாக, கைகாரியமாக ஒன்று. 2007-க்கு முன்னால் வந்த வீட்டு மின்னஞ்சல்கள், சேமித்து வைத்த கோப்புகள் உங்களிடம் இருக்கும். அப்பா எழுதியது, தங்கை கல்யாணச் செய்தி, ஊரிலிருந்து வந்த இரங்கல். பல திஸ்கியிலோ, டாபிலோ, ஏதோ ஒரு பத்திரிகை எழுத்துருவிலோ இருக்கும். இன்று திறந்தால் பூச்சிக் கூட்டமாகத் தெரியும். அது குப்பை இல்லை, தமிழ். அழித்துவிடாதீர்கள். எழுத்துரு மாற்றும் செயலிகள் இன்னும் கிடைக்கின்றன. அசல் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, ஒரு நகலை யூனிகோடுக்கு மாற்றி வையுங்கள். அந்த எழுத்துருக்களின் பெயர் தெரிந்த தலைமுறை நாம்தான். நமக்குப் பிறகு, இது எந்தக் குறியேற்றம் என்று கண்ணால் பார்த்தே சொல்ல வீட்டில் ஆள் இருக்காது.

இந்த வெள்ளிக்கிழமை விடுமுறையில் நான் என்னுடையதில் உட்காரப் போகிறேன். மொத்தம் 214 மின்னஞ்சல்கள். மாற்றி முடித்ததும், எந்த எழுத்துருவுக்கு எந்தச் செயலி சரியாக வேலை செய்தது என்று தனிப் பதிவாகப் போடுகிறேன்.